தொப்பி கேட்கும் தூரம்: மயிலாப்பூரின் சின்ன அரங்குக் கச்சேரிகள்

மிருதங்கத்தின் வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. பாடுபவரின் வலப்புறத்தில், அவரைப் பார்த்தபடி மிருதங்கக்காரர் உட்காரும்போது வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். தொப்பி மேடையின் பின்சுவரைப் பார்த்திருக்கும். பெரிய அரங்கில் தொப்பியின் நாதம் என்று நாம் கேட்பது முழுக்க முழுக்க மைக் கொடுப்பதுதான். சின்ன அரங்கில் அது பின்சுவரில் பட்டுத் திரும்பி, மேடைப் பலகை வழியாகவும் இறங்கி வந்து, நெஞ்சுக்குக் கீழே எங்கோ தட்டும். ஒரு கச்சேரி அரங்கு நல்லதா இல்லையா என்று நான் முடிவு செய்வது இந்த ஒன்றை வைத்துத்தான். நாற்காலி, விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் அப்புறம்.

மயிலாப்பூரில் லஸ் பக்கத்தில் மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கடையை விட்டு இறங்கினால் நடக்கும் தூரத்தில் இத்தனை சிற்றரங்குகள் இருப்பது எனக்கு வாய்த்த பாக்கியம். மார்கழியில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்றில் யாராவது பாடிக்கொண்டோ வாசித்துக்கொண்டோ இருப்பார்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. சீசனில் பெரிய பெயர்கள் மாலை வேளையில் பெரிய சபாக்களில் பாடும்போது, பகல் 12 மணி, 2 மணி, 4 மணி என்று இளையவர்களுக்கு ஒதுக்கும் நேரங்களிலும் அநேகமாக இலவசம்தான். மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். அங்கே போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த மேடைக்கு ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் கர்நாடக சங்கீதம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவரை நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது அங்கே அல்ல.

என் பெரியப்பா கும்பகோணத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். வீட்டுத் திண்ணையில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து ததிகிணதொம் என்று மிருதங்கச் சொற்களைச் சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு அப்போது மிருதங்கம் சொல்லித்தரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் உள்ளே கூடத்தில் உட்கார்ந்து, சுவரின் இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டு வளர்ந்தேன். சுவர் தாண்டி வந்தது தொப்பியின் ஒலிதான்; வலந்தலையின் மெல்லிய சொற்கள் திண்ணையோடு நின்றுவிடும். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்ததும் என் காது முதலில் தேடுவது அதைத்தான்.

லஸ் அவென்யூவில் இருக்கும் ராக சுதா ஹாலில் இருந்து ஆரம்பிக்கிறேன். நாத இன்பம் அமைப்பின் கச்சேரிகள் பல ஆண்டுகளாக நடக்கும் இடம். மயிலாப்பூரில் சங்கீதம் கேட்பவர்களில் இந்த அரங்கை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இங்கே வருபவர்கள் கேட்கத்தான் வருகிறார்கள். தாளம் போடுபவர்கள் தப்பாமல் போடுவார்கள். பாட்டுக்கு முன் சாகித்யம் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனை தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ராகத்தின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். பாடுபவருக்கும் இது தெரியும். கடைசி வரிசை முகங்கள்கூட மேடையிலிருந்து தெரியும் அரங்கில் அலட்சியமாகப் பாட யாருக்கும் மனம் வராது.

அண்மையில் அங்கே கேட்ட ஒரு கச்சேரியைச் சொல்லியாக வேண்டும். பாடியவர் இருபதுகளின் நடுவில் இருக்கும் பெண். ஐந்து கட்டை சுருதி; கட்டை கூடக் கூட சுருதி உயரும். வயலின் வாசித்தவரும் ஏறக்குறைய அதே வயது. மிருதங்கம் இன்னொரு பெண். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கடத்தில் சுகன்யா ராம்கோபால் போன்றவர்கள் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றாலும், மிருதங்கத்தோடு ஒரு பெண் மேடையேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு பெருமை பொங்குகிறது. அதை மறைக்க நான் முயல்வதும் இல்லை.

கச்சேரிக்கு அரை மணி முன்பே போய் முன்வரிசையில் உட்கார்ந்தால், பெரிய அரங்குகளில் திரைக்குப் பின்னால் முடிந்துவிடும் ஒரு வேலையை இங்கே கண்ணெதிரில் பார்க்கலாம். அந்த மிருதங்கப் பெண் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ரவை. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் தெளித்து, கட்டை விரலால் அழுத்திப் பிசைந்தார். மிருதங்கத்தை நிமிர்த்தி, தொப்பியை ஈரத் துணியால் ஒற்றி, பிசைந்த ரவையை நடுவில் வைத்து விரல்களால் வட்டமாக அழுத்திப் பரப்பினார். ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டார். ஓரத்திலிருந்து துளி ரவையைக் கிள்ளி எடுத்தார். மறுபடியும் ஒரு தட்டு. இன்னும் துளி கிள்ளினார். மூன்றாம் தட்டில் அந்த ஒலி திடீரென்று உருண்டு திரண்டு வந்தது. அவர் முகத்தில் சட்டென்று ஓர் அமைதி. பிறகு மிருதங்கத்தைத் திருப்பி வலந்தலைக்குப் போனார். கல்லையும் கட்டையையும் வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி, வார் கோத்திருக்கும் ஒவ்வொரு கண்ணும் ஷட்ஜத்தில், அதாவது ஆதார ‘ஸ’வில், நிற்கிறதா என்று பார்த்தார். கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அரங்கில் அதற்குள் வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு அதையே கேட்டோம்.

தம்பூராவும் உண்மையான தம்பூரா. இப்போதெல்லாம் மின்னணுப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ போதும் என்று விட்டுவிடுகிறார்கள். செலவும் சுமையும் குறைவு. குறை சொல்ல முடியாது. ஆனால் பஞ்சமம், சாரணை, அநுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்திகளையும் மீட்டும் விரல்கள் பாடகியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அந்த மேடையே வேறு. தந்திக்கும் குதிரைக்கும் இடையில் செருகும் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தி நகர்த்தித் தந்தியின் கார்வை விரிகிற இடத்தைப் பிடித்துவிட்டால், எந்தத் தந்தியிலும் வைக்காத காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், அதில் தானாகவே பேசும். பெரிய ஒலிபெருக்கிகளில் நான் அதைக் கேட்டதே இல்லை. அன்றைக்கு ராக சுதாவில் கேட்டேன். பாடகியும் அதைக் கேட்டுக்கொண்டே பாடினார் என்பது அவர் காந்தாரத்தில் நின்ற விதத்தில் தெரிந்தது.

பேகடை ராகத்தை ஆலாபனை செய்தார். பேகடையின் நிஷாதம் சுரப் புத்தகத்தில் எழுதிக் காட்ட முடியாத ஒன்று. தாழ்ந்த ‘நி’யான கைசிகியும் அல்ல, உயர்ந்த ‘நி’யான காகலியும் அல்ல என்னும்படி நடுவில் ஒரு சாயலோடு நிற்க வேண்டும். அவர் அதை அவசரப்படாமல் தொட்டார். தொட்டுவிட்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. வயலின்காரர் அவர் விட்ட இடத்தில் எடுத்தபோது வில் தந்தியில் உராயும் மெல்லிய சத்தமும் கேட்டது. குரலுக்கும் வயலினுக்கும் இடையில் இருக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேர இடைவெளியில்தான் பக்கவாத்தியம் வாசிப்பவரின் திறமை முழுதும் இருக்கிறது. பாடகி அடுத்து எங்கே போவார் என்று தெரியாமலே கூடப் போவது! பெரிய அரங்கில் இரண்டும் ஒலிக்கலவையில் ஒன்றாகி, ஒரே வழவழப்பாக வந்து சேர்ந்துவிடும்.

பிரதான ராகம் கரகரப்பிரியா. ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல் மேல் ஸ்தாயிக்கு ஏறியபோது மிருதங்கம் பாட்டின் வேகத்தைக் கூட்டாமல், தொப்பியில் கும்கியை மட்டும் அங்கங்கே இழைத்துவிட்டது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோலை அழுத்தியபடி நகர்த்தும்போது ஒலி கீழிருந்து மேலே வளைந்து ஏறும், அதுதான் கும்கி. அதைப் போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இந்தப் பெண் அடக்கி வைத்திருந்து, சாகித்யத்தில் நெடில் வரும் இடத்தில் மட்டும் ஒன்று போட்டார். பாடகி திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். முன்வரிசையில் இருந்த நாங்கள் நான்கைந்து பேர் “ஆகா” என்றோம். பிறகு, பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம், ஒவ்வொன்றும் இரட்டிப்பாக நீளும் இரண்டு களை. நடையை மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு மாற்றி, மறுபடி நந்நான்காக எண்ணும் சதுஸ்ரத்துக்கு வந்து, முடிப்புக் கணக்கான கோர்வையை மூன்று முறை வைத்து, பாட்டின் வரி தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டு சேர்த்தார். கோர்வையின் நடுவில் விட்ட காலி அட்சரங்களில் அரங்கே மூச்சை அடக்கிக்கொண்டது.

தனி தொடங்கியதும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை என்று எழுத எனக்கு ஆசை. இரண்டு பேர் போனார்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: தனி ஆவர்த்தனம் இடைவேளை அல்ல. இரண்டு மணி நேரம் இன்னொருவருக்காக வாசித்தவருக்குத் தனக்கென்று கிடைக்கும் பத்து நிமிடம் அது. பெரிய அரங்கில் நூறு பேர் எழுந்து கேன்டீனுக்குப் போனாலும் இருட்டில் தெரியாது. சின்ன அரங்கில் நாற்காலி நகரும் ஓசை வாசிப்பவரின் கையில் போய் விழும். பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தால் தனிக்கு முன்பே, பாட்டு முடிந்து கைதட்டும் நேரத்தில் எழுந்து போய்விடலாம்.

கச்சேரி முடிவில் அந்த மிருதங்கப் பெண் ஒரு காரியம் செய்தார். தன் மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுப் போட்டுத்தரும் கைவினைஞர் பார்வையாளர்களிடையே இருப்பதாகச் சொல்லி, எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னார். பலா மரத்தைக் குடைந்து, மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பதம் பார்த்து எடுத்து, வாரைப் பிடித்து இழுத்து இழுத்து நாதத்தைக் கொண்டுவருபவர்கள் அவர்கள். அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மேடையில் அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. மாலையும் பொன்னாடையும் அவர்களை எட்டுவதில்லை. பெரியப்பா வீட்டுக்குக்கூட மிருதங்கம் செய்பவர் கொல்லைப்புற வழியாக வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அந்த மனிதர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினோம். இது வழக்கமாக வேண்டும்.

ராக சுதாவுக்கு அடுத்து எனக்குப் பிடித்தது லஸ்ஸில் ரானடே நூலகத்தின் மாடியில் உள்ள சீனிவாச சாஸ்திரி ஹால். மாடிப்படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம்தான். பழைய கட்டடம். லஸ் முனையின் பேருந்துச் சத்தமும் மெட்ரோ ரயில் பணியின் இரைச்சலும் சேர்ந்து உள்ளே வரும். மெல்லிய குரல்காரர்களை அங்கே கேட்க நான் போக மாட்டேன். நாகஸ்வரத்துக்கும் புல்லாங்குழலுக்கும் பொருத்தமான இடமா என்று கேட்டால் குழலுக்கு இல்லை என்பேன். ஆனால் விளக்கவுரையோடு கூடிய கச்சேரி என்றால் அங்கே போக வேண்டும். பாடுபவர் பாதியில் நிறுத்தி, “இந்தப் பிரயோகத்தை இப்படியும் பாடுவார்கள்” என்று காட்டுவார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தான் கேட்ட பாடத்தைச் சொல்வார். கலைஞர் கோபிக்காமல், “மாமா, நீங்கள் சொல்வது சரி. எங்கள் குரு வழி வந்த பாடாந்தரத்தில் கொஞ்சம் வேறு” என்று அதையும் பாடிக் காட்டுவார். இப்படிப் பேசிக்கொள்ளும் சபை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் ஆர்கே கன்வென்ஷன் சென்டரைப் பற்றிக் கொஞ்சமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அங்கே குறை சொல்ல அதிகம் இல்லை. ஒலி துல்லியம், அளவு மீறுவதில்லை. இணையத்தில் நேரலையாகவும் அங்கிருந்து கச்சேரிகள் போகின்றன. வெளியூரில் இருக்கும் என் அத்தை பெண் அதில்தான் கேட்கிறாள். நல்ல வசதி. எனக்கு அந்த அரங்கில் சற்றே அதிக ஒழுங்கு இருப்பதாகத் தோன்றும்; அது என் சுபாவம்.

நாகேஸ்வர ராவ் பூங்கா விஷயம் வேறு. அமிர்தாஞ்சன் தைலத்தை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரால் அமைந்த பூங்கா. லஸ் சர்ச் சாலையில் இருக்கிறது. அங்கே தரையில் பெரிய சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும் இடத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மைக் இல்லாத கச்சேரி. பாடுபவர்கள் எல்லோரும் பிள்ளைகள், பதின்ம வயதினர். ஒரு மணி நேரம். ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து பாடுவார்கள். சுற்றிலும் நடைப்பயிற்சிக்காரர்கள், கிளிகள், காகங்கள்.

மைக் சென்னைக் கச்சேரிகளுக்கு வந்தது 1930-களில். அதற்கு முன் பாடியவர்கள் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே உயர்ந்த சுருதியில் பாடினார்கள். ஆண்களே நான்கு கட்டையில் பாடினார்கள் என்று பெரியப்பா சொல்வார். மைக் வந்த பிறகு சுருதி இறங்கியது. இன்றைக்கு ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையில், அல்லது அதை ஒட்டித்தான் பாடுகிறார்கள். அதனால் சில நுணுக்கங்கள் சாத்தியமாயின. குரலுக்கும் ஆயுள் கூடியது. நான் மைக்குக்கு எதிரியல்ல. ஆனால் பூங்காவில் பாடும் அந்தப் பிள்ளைகளைக் கேட்கும்போது, குரலை வெளியே எறியக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய பாடம் என்று தெரிகிறது. முதல் வர்ணத்தில் குரல் தொண்டையில் நிற்கும். நாலாவது பாட்டில் அடிவயிற்றிலிருந்து வரும். ஒரு பையன் மோகனம் பாடினான். மிருதங்கம் வாசித்தவன் அவனைவிடச் சிறியவன். முதல் பாட்டில் மிருதங்கம் பாட்டை மூடிவிட்டது. அருகில் இருந்த ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. தன் உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினார், அவ்வளவுதான். அடுத்த பாட்டில் அவன் விரல்நுனியால் வாசித்தான். பாடுபவன் குரல் மேலே மிதந்தது. தன்னைக் குறைத்துக்கொள்ளும்போது பாட்டு நிறைகிறது என்பதை ஒரு சிறுவன் என் கண்ணெதிரில் கற்றுக்கொண்டான். மைக் இருந்திருந்தால் ஒலி இயக்குபவர் ஒரு குமிழைத் திருகியிருப்பார். அவன் கற்றிருக்க மாட்டான்.

இப்போது குறைக்கு வருகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் அரங்கு; மயிலாப்பூருக்கு வெகு தொலைவில் இல்லை. நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். அந்த அறைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிகள்! பாடுபவருக்கு முன்னால் திருப்பி வைத்த பெட்டிகள் வேறு. மிருதங்கக்காரர் ஒலி இயக்குபவரைப் பார்த்து விரலை மேலே காட்டுகிறார். அவருக்குக் கூட்டியதும் வயலின்காரர் விரலை மேலே காட்டுகிறார். அதற்குப் பிறகு பாடகர். ஒருவர்கூட விரலைக் கீழே காட்டவில்லை. போதாததற்கு எதிரொலியையும் சேர்த்து, கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல ஆக்கிவிட்டார்கள். சகானா பாடினார் என்று நினைக்கிறேன். காந்தாரத்தின் அசைவு எதிரொலியில் கரைந்துபோனது. வயலினில் ஒட்டவைத்திருந்த மைக் அதன் மரத்தின் குரலை எடுத்துவிட்டுக் கம்பியின் குரலை மட்டும் கொடுத்தது. நான் பொறுப்பாளரிடம் போய், “ஐயா, கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். “கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே, அம்மா” என்றார். கடைசி வரிசை மேடையிலிருந்து முப்பதடி. ஒரு மனிதக் குரல் முப்பதடி போகாதா? நம் வீடுகளில் மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருவில் போகும் கீரைக்காரர் திரும்பிப் பார்க்கிறாரே!

சின்ன அரங்குக்கு உள்ள ஒரே பெரிய சொத்து அதன் நெருக்கம்தான். அதைக் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியால் அழித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அந்தக் கச்சேரியில் பாடிய பிள்ளை நன்றாகத்தான் பாடியிருப்பார். எனக்குத் தெரிய வழியில்லாமல் போய்விட்டது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவசம் என்பது நமக்கு. யாரோ அதற்குச் செலவு செய்கிறார்கள். அரங்க வாடகை, ஒலி, பக்கவாத்தியக்காரர்களின் சன்மானம். பகல் நேரக் கச்சேரிகளில் சில இடங்களில் இளம் கலைஞர்களே பணம் கொடுத்து மேடை ஏற வேண்டியிருக்கிறது என்ற குறை பல ஆண்டுகளாகச் சங்கீத உலகில் பேசப்பட்டு வருகிறது. பக்கவாத்தியக்காரருக்கு ஆட்டோ செலவுக்குக்கூடப் போதாத தொகை தருவதையும் கேட்டிருக்கிறேன். மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வர முடியாது. அதனால் வாசலில் நன்கொடைப் பெட்டி இருந்தால் ஒரு காபி, டிபன் காசையாவது போட்டுவிட்டு வாருங்கள். பெட்டி இல்லாவிட்டால் பொறுப்பாளரிடம் கேட்டுக் கொடுங்கள். வாங்கிக்கொள்வார்கள்.

சாப்பாடு விஷயத்தில் சிற்றரங்குகள் பெரிய சபாக்களுக்கு ஈடாகாது. மார்கழியில் சபா கேன்டீன்களில் வாழையிலை போட்டு விருந்தே நடக்கும். இங்கே பெரும்பாலும் ஒரு தண்ணீர்க் கேனும் காகிதக் கோப்பைகளும்தான். மயிலாப்பூரில் அதற்காகக் கவலைப்படுபவர் யார்? மாலைக் கச்சேரிக்கு முன் கிழக்கு மாடவீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் கீரை வடை. பூங்காக் கச்சேரி முடிந்த ஞாயிறு காலை ராயர் கபேயில் இட்லியும் கெட்டிச் சட்னியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசலில் நிற்க வேண்டியிருக்கும். நிற்கும் கூட்டத்தில் பாதி நம்மோடு கச்சேரி கேட்டவர்களாக இருப்பார்கள். அங்கேயே மோகனத்தையும் மிருதங்கச் சிறுவனையும் பற்றிப் பேசி முடித்துவிடலாம்.

முதல்முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நடுவிலிருந்து சற்று வலப்புறமாக, இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். மிருதங்கக்காரர் முகமும் இரண்டு கைகளும் அங்கிருந்து நேராகத் தெரியும். வயலினும் காதுக்கு அருகில் இருக்கும். ராகம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகள் வழியாகப் பிரதானத்துக்குப் போய், துக்கடா என்னும் சிறு பாட்டுகளில் இறங்கி, மங்களத்தில் முடியும் இந்த அமைப்பை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் உருவாக்கித் தந்ததாகச் சொல்வார்கள். தெரியாதவரையும் கைபிடித்து அழைத்துப் போகும் அமைப்பு அது. பக்கத்தில் இருப்பவரிடம் பாட்டு முடிந்ததும் கேளுங்கள், சொல்வார்கள். சொல்லாமல் விட மாட்டார்கள்! கைப்பேசியை அணைத்துவிடுங்கள். ஒலியை நிறுத்தினாலும் அதன் வெளிச்சம் சின்ன அரங்கில் பாடுபவர் கண்ணில் அடிக்கும். பிள்ளைகளை அழைத்து வருவதானால் பூங்காவுக்கு அழைத்து வாருங்கள். அங்கே அவர்கள் எழுந்து ஓடலாம், திரும்பி வந்து உட்காரலாம். தங்கள் வயதுப் பிள்ளைகளே பாடுவதைப் பார்க்கும்போது அவர்களுக்கு அது தங்களுடையதாகவும் தோன்றும்.

அரங்கு நடத்துபவர்களிடம் எனக்கு மூன்று விண்ணப்பங்கள் இருக்கின்றன. அழைப்பிதழில் பக்கவாத்தியக்காரர் பெயர்களைப் பாடுபவர் பெயருக்குச் சமமான எழுத்தில் போடுங்கள். தனி நடக்கும்போது வாசல் கதவைச் சாத்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு கச்சேரியையாவது ஒலிபெருக்கியே இல்லாமல் நடத்திப் பாருங்கள். விளக்கையும் மின்விசிறியையும் விட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு. எங்கே, எப்போது என்று சொன்னால் போதும். கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ரவை பிசையும் நேரத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன்.